முற்றத்தில் பாவிய கல்

வீட்டு வாசலிலும் முற்றத்திலும் கல் பாவுவோர் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்தே தேர்ந்தெடுக்கின்றனர். ஆயினும் வெயிலையும் மழையையும் தாங்கும் திறன் கல்லின் கனிமச் சேர்க்கையைப் பொறுத்தே அமைகிறது. ஆந்திரத்தின் கடப்பைப் பகுதியிலிருந்து வருவதால் அப்பெயர் பெற்ற கடப்பைக் கல், கால்சியம் கார்பனேட் மிகுந்த சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்தது என்பதால், கழுவுவதற்கென ஊற்றும் ஆசிட் அதன்மேல் பட்டதும் நுரைத்து, கருமை மங்கி, வெளிறிய தடம் நிலைத்துவிடுகிறது. எலுமிச்சைச் சாறு சிந்தினாலும் மெருகு கெடுகிறது. குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் கலந்த கிரானைட்டுக்கு இந்தக் குறை இல்லை. ஆனால் மெருகேற்றிய கிரானைட்டைத் திறந்தவெளியில் பதிப்பது, மழை நாளில் முதியோரை வழுக்கி விழச் செய்யும் பெருந்தவறாகும். தீச்சுவாலையால் சூடாக்கி, மேற்பரப்பின் படிகங்களை உதிர்த்துச் சொரசொரப்பாக்கிய கல்லோ, உளியால் கொத்திய கல்லோதான் அங்கு ஏற்றது.

கல் எத்தகையதாயினும் அடித்தளம் இறுகவில்லையெனில் அமிழ்ந்துவிடும். மண்ணைத் தோண்டி, கிராவலை அடுக்கடுக்காகக் கொட்டி, நீர் தெளித்து இடித்து இறுக்கி, அதன்மேல் மணல் பரப்பி, 100 செ.மீ. நீளத்துக்கு 1 முதல் 2 செ.மீ. வரை வாட்டம், அதாவது நீர் வடிவதற்கான சரிவு, வீட்டுச் சுவரிலிருந்து விலகிச் செல்லுமாறு பாவ வேண்டும். இணைப்புகளைச் சிமெண்டால் அடைக்காமல் மணலால் நிரப்பினால், மழைநீரில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்குவதோடு, பின்னாளில் அடியில் குழாய் பழுதானால் கல்லை உடைக்காமல் பெயர்த்தெடுத்து, அதே கல்லை அதே இடத்தில் மீண்டும் பதிக்கவும் முடிகிறது.