ஓய்வு யாருக்கு? - உல்லைக் கடலும் அப்புத்தளை மலையும்



விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகள் கேட்கும் முதற் கேள்வி, "வாப்பா, எங்கே போகலாம்?" என்பதுதான். ஒரு பிள்ளை கடல் என்னும். மற்றது மலை என்னும். அதற்கு முன்பே பெரியவர்கள் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பயணத்தில் ஓய்வு யாருக்கு?

2025 ஆகஸ்ட் 8ஆம் திகதி நிக்கினி போயா தினம் வெள்ளிக்கிழமையில் வந்தது. சனியும் ஞாயிறும் சேர்ந்து மூன்று நாள் விடுமுறை. ஓர் இரவு கடற்கரையில், ஓர் இரவு மலையில் என்று முடிவு செய்து, உம்மா, மனைவி, பிள்ளைகளுடன் பதுளையிலிருந்து வேனில் புறப்பட்டோம். பசறை, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாகப் பொத்துவிலை அடைந்து அங்கே ஜும்ஆத் தொழுதோம்.

பொத்துவிலை அடுத்து இருப்பது அறுகம் குடா. உல்லை என்பது நம்மவர் வழங்கும் பெயர். 2004 டிசம்பர் 26இல் சுனாமி சூறையாடிய பிறகும் மீண்டெழுந்த ஊர். அலைச்சறுக்கு விளையாட்டுக்கு உலகப் புகழ் பெற்றது. வருடத்தின் நடுப்பகுதி மாதங்களில் வெளிநாட்டார் நிறைந்திருப்பார்கள். அதோடு போயா விடுமுறைக் கூட்டமும் சேர்ந்தால் எள் போட்டால் எள் விழாது.

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பெண்களுக்கோ உட்கார ஒரு நிழல் இல்லை. ஈர உடை மாற்றவும் தொழவும் ஒதுக்கிடம் தேடி அலைய வேண்டியிருந்தது. அலை எந்தப் பிள்ளையை இழுத்துவிடுமோ என்று என் மனைவி கரையிலேயே நின்றார். உணவுச் சட்டிகளைக் கொண்டுபோயிருந்ததால் பரிமாறுவதும் கழுவுவதும் அவருக்கே வந்தது. மாலையில் உம்மாவிடம், "கடல் எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"நான் எங்க மகன் கடலைப் பார்த்தேன்? உங்க செருப்பையும் பையையும்தானே பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால், எத்தனையோ குடும்பங்களின் உல்லாசப் பயணம் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது.

மறுநாள் ளுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதுவிட்டு மலைக்குத் திரும்பினோம். மொனராகலை, புத்தள, வெல்லவாய கடந்ததும் பாதை மேலேறத் தொடங்குகிறது. வழியிலே 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சி. அதையும் கொஸ்லந்தையையும் தாண்டி, பெரகலையில் திரும்பினால் அப்புத்தளை. கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கும் மேலே, மலை முதுகின் மீது அமர்ந்திருக்கும் சிறு நகர். தெற்கே பார்த்தால் மலை சரிந்து சமவெளியில் இறங்குகிறது.

தேயிலைத் தோட்டத்தை ஒட்டி, நம்மவர் ஒருவர் நடத்தும் சிறு விடுதியில் தங்கினோம். ரொட்டி, சம்பல், பருப்புக் கறி எல்லாம் அவர்களே செய்து தந்தார்கள். அன்றிரவு என் மனைவி கழுவியது தான் சாப்பிட்ட கையை மட்டுந்தான்! உம்மா தஸ்பீஹுடன் ஜன்னலோரம் உட்கார்ந்து, மூடுபனி ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். செலவு கடற்கரையை விடக் குறைவு. ஓய்வு பல மடங்கு அதிகம்.

ஞாயிறு ஸுப்ஹுக்குப் பிறகு முச்சக்கர வண்டிகளில் தம்பேத்தன்னைத் தோட்டம் வழியாக லிப்டன் சீற் மலையுச்சிக்குப் போனோம். ஸ்கொத்லாந்து வணிகர் தோமஸ் லிப்டன் 1890இல் தொடங்கிய தேயிலைத் தொழிற்சாலை வழியிலே உள்ளது. உச்சிக்கு விடியற்காலையிலேயே போய்விட வேண்டும். வெயில் ஏற ஏறப் பனி மூடிவிடும். வானம் தெளிந்திருந்தால் தூரத்தில் தென்கடல்கூடத் தெரியும்.

இறங்கும் வழியில் சில பெண்கள் ஞாயிற்றுக்கிழமையிலும் கைக்காசுக்குக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் வயதான ஒருவரிடம் என் மனைவி பேச்சுக் கொடுத்தார். நேற்றுக் கடலுக்குப் போய் வந்ததைச் சொல்லி, "நீங்க போயிருக்கீங்களா அக்கா?" என்று கேட்டார்.

"இங்கிட்டிருந்து பாத்ததுதாம்மா. போனதில்ல" என்றார் அந்தத் தாய், கை ஓயாமலே.

நமக்கு அமைதி தந்த அதே மலை அவருக்கு வேலைத்தளம். தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி அப்போது 1,350 ரூபாய். ஓர் இரவுக்கு ஓர் அறைக்கு நாங்கள் கொடுத்த வாடகை ஏறக்குறைய அவருடைய ஆறு நாள் கூலி. இத்தனைக்கும் அந்த மலை அவர்களுக்கு எப்போதும் பத்திரமான இடமுமல்ல. கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் மண் சரிந்து லயங்களை மூடியது. எங்கள் பயணம் முடிந்து நான்கு மாதம் ஆகுமுன், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. பதுளை மாவட்டத்தில் பல உயிர்களை மண் விழுங்கியது. 1924இல் பதுளையை எட்டிய மலையக ரயில் பாதையும் பல இடங்களில் சிதைந்தது.

ஆகவே சகோதரிகளே, அப்புத்தளைக்கு வாருங்கள். வருமுன் பாதை நிலைமையையும் மண்சரிவு எச்சரிக்கையையும் விசாரியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தப் பயணம் வேண்டாம். சமையல் சட்டிகளை வீட்டிலேயே விட்டு வாருங்கள். பை காக்கும் வேலையை ஆண்களும் முறை வைத்துச் செய்யட்டும். லயத்து வாசலில் நின்று கேளாமல் படம் எடுக்காதீர்கள்; அது ஒருவருடைய வீடு. கொழுந்து பறிப்பவரின் கூடையை வாங்கி வேடிக்கைக்குத் தோளில் மாட்டாதீர்கள். அது அவருடைய கூலி. தேநீரும் பழமும் அந்த மக்களின் சிறு கடைகளிலேயே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள்.

நம் வீட்டுப் பெண்ணின் களைப்பும் தோட்டத்துப் பெண்ணின் களைப்பும் நம் கண்ணில் பட்டால், அந்த விடுமுறை வீண்போகவில்லை. பயணம் போகும் எல்லோருக்கும், அந்த மலைகளில் வாழும் மக்களுக்கும் அல்லாஹ் பாதுகாப்பை அருள்வானாக!