வந்தவர் எல்லாம் குளவி அல்லர்: விஜய குமாரதுங்கவுக்குக் கற்பிட்டியிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய விஜய நானா,

கற்பிட்டியிலிருந்து எழுதுகிறேன். 1988 பெப்ரவரி 16 அன்று கொழும்பு பொல்ஹேன்கொடையில், உங்கள் வீட்டு வாசலில் வைத்தே உங்களைச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது உங்களுக்கு வயது 42. இந்த மடல் உங்கள் கைக்கு வந்து சேராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். எங்கள் கரையில் தமிழ் பேசும் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதற்காகத் திறந்த மடலாக எழுதுகிறேன். அவர்களில் பலருக்கு உங்களைத் தெரியாது. பஸ்ஸில் போகும்போது பழைய சிங்களப் பாட்டொன்றில் உங்கள் குரலைக் கேட்டிருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் இந்தக் கரைக்கு நீங்கள் செய்துவிட்டுப் போன நன்மை ஒன்று இருக்கிறது. அதற்குத் தமிழில் யாரும் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. நான் சொல்கிறேன்.

உங்களை முதலில் அந்தப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்திவிடுகிறேன். 1945 அக்டோபர் 9 அன்று பிறந்தவர் நீங்கள். சீதுவைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். நீர்கொழும்பு, சிலாபம், தலவில அன்னம்மாள் கோயில் என்று வடக்கே எங்களிடம் வந்து சேரும் அதே கடற்கரையின் பிள்ளை. 1969இல் வந்த ‘ஹந்தானே கதாவ’ உங்களை அறிமுகப்படுத்தியது. 1973இல் ‘துஷாரா’ வந்தபோது நாடு முழுக்க உங்கள் முகம் தெரிந்திருந்தது. அழகு, சிரிப்பு, பாடும் குரல் மூன்றும் ஒருவரிடமே அமைந்த கதாநாயகன் சிங்களத் திரையில் அபூர்வம். நூறு படங்களுக்கு மேல் நடித்தீர்கள். லெனார்ட் வூல்ஃபின் நாவலை லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ‘பெத்தேகம’ என்று படமாக்கியபோது, காட்டோரக் கிராமத்து ஏழை பபுனாக வந்தீர்கள். சுமித்ரா பீரிஸின் ‘கங்கா அத்தர’ படத்தையும் அதில் நீங்கள் பாடிய பாட்டையும் அந்தத் தலைமுறை இன்னும் மறக்கவில்லை.

நான் நன்றி சொல்வது இவற்றுக்காக அல்ல. 1978இல் திரைக்கு வந்த ஒரே ஒரு படத்துக்காக. தர்மசேன பத்திராஜ இயக்கிய ‘பம்பரு எவித்’. குளவிகள் வந்துவிட்டன என்று தமிழில் சொல்லலாம். அந்தப் படம் எங்கள் கற்பிட்டியில் எடுக்கப்பட்டது. எங்கள் மணல், எங்கள் வாடிகள், எங்கள் வள்ளங்கள், கருவாடு காயும் எங்கள் கரை ஆகியவற்றை டொனால்ட் கருணாரத்னவின் கமெரா கறுப்பு வெள்ளையில் அள்ளிக்கொண்டது. பிரேமசிறி கேமதாச இசையமைத்தார். சிங்களத் திரைக்கு 50 ஆண்டு நிறைந்தபோது தேர்ந்தெடுத்த சிறந்த படங்களின் வரிசையில் அது முன்னணியில் நின்றது. எங்கள் ஊரில் எடுத்த படம் என்ற பெருமை மட்டும் இருந்திருந்தால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன்.

அதில் நீங்கள் விக்டர். பட்டணத்திலிருந்து நண்பர்களோடு கரைக்கு வந்து இறங்கும் இளைஞன். படித்தவன், காசுள்ளவன், பேசத் தெரிந்தவன், பார்த்தவர் மயங்கும் அழகன். ஊரில் ஏற்கெனவே ஒரு முதலாளி இருக்கிறார், அந்தோன் ஐயா. ஜோ அபேவிக்ரம அந்த மனிதரை எங்கள் துறையில் நேற்றுப் பார்த்த ஆள்போல நடித்துக் காட்டினார். மீன் வியாபாரத்தில் விக்டர் அவரோடு போட்டிக்கு நிற்கிறான். மாலினி பொன்சேகா நடித்த ஹெலன் என்ற ஊர்ப் பெண்ணின் மனசும் அவன் பக்கம் சாய்கிறது. அவளை நேசித்த ஊர்ப் பையன் ஒருவன் இருக்கிறான். முடிவில் இரத்தம் சிந்துகிறது. கிராமம் பழையபடி ஆக முடியாத அளவுக்கு உடைந்துபோகிறது.

கரையில் பிறந்தவர்களுக்கு இந்தக் கதையின் அடிமணல் தெரியும். முதலாளி வலைக்கும் இயந்திரத்துக்கும் முற்பணம் கொடுப்பார். கடன் தீரும்வரை பிடிக்கிற மீனை அவருக்குத்தான் போட வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு. கச்சான் காற்றடித்துக் கடல் மூடிக்கிடக்கும் மாதங்களில் வீட்டுச் செலவுக்கும் அவரிடமே கை நீட்ட வேண்டும். அந்தக் கணக்கு இலேசில் தீராது. என் வாப்பா கருவாட்டு வியாபாரி. அந்தோன் ஐயாவைப் பார்த்துவிட்டு, “அந்த மாதிரி ஆள் நம்மட ஊர்லயும் இருக்காங்க, நம்மளும் கொஞ்சம் அப்படித்தான்” என்றார். ஒரு வியாபாரி வாயிலிருந்து அந்தச் சொல்லை வரவழைத்தது அந்தப் படம்.

உள்ளூர் முதலாளியோடு இன்னொருவன் போட்டிக்கு வந்தால் மீனவனுக்கு விலை கூடும், கை ஓங்கும் என்று நினைக்கத் தோன்றும். படம் அந்த ஆறுதலைத் தரவில்லை. பழைய பிடிக்கும் புதிய பிடிக்கும் நடுவே நசுங்குவது கடலுக்குப் போகிறவன்தான் என்று காட்டியது. விமல் குமார த கொஸ்தா நடித்த வீரசேன சமத்துவம் பேசுகிறான். அவன் பேச்சு வாடியில் இருப்பவரின் வயிற்றை எட்டவில்லை என்பதையும் படம் மறைக்கவில்லை. 1977இல் அரசு மாறித் திறந்த பொருளாதாரம் வந்த கையோடு இந்தப் படம் வந்தது. வெளியிலிருந்து காசு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாடு நம்பத் தொடங்கிய நேரம் அது.

விஜய நானா, உங்கள் பங்கு எவ்வளவு பெரியது என்பதை மற்ற நட்சத்திரங்களோடு வைத்துப் பார்த்தால்தான் புரியும். ஹொலிவூட்டில் கேரி கிராண்ட் என்றொரு பேரழகர் இருந்தார். 1941இல் ஹிட்ச்கொக் இயக்கிய ‘சஸ்பிஷன்’ படத்தில் அவர் கொலைகாரன்தானா என்ற சந்தேகத்தை வளர்த்துக்கொண்டே போய், முடிவில் அப்படியில்லை என்று ஆக்கிவிட்டார்கள். கேரி கிராண்ட் கொலைகாரனாக இருப்பதை ஸ்டூடியோ ஏற்கவில்லை என்று ஹிட்ச்கொக்கே பிற்காலத்தில் சொன்னார். எங்கள் தமிழ்த் திரையை எடுத்துக்கொண்டால், மீனவருக்காக ‘படகோட்டி’யிலும் ‘மீனவ நண்பன்’ படத்திலும் எம்.ஜி.ஆர் வந்தார். உடப்பிலும் கற்பிட்டியிலும் அவரை நெஞ்சில் வைத்தவர்கள் ஏராளம், நானும் அவர்களில் ஒருவன். அவர் எங்களைக் காப்பாற்ற வந்த நாயகன். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது நெஞ்சு நிமிரும்.

நீங்கள் செய்தது வேறு காரியம். நாட்டின் மிகப் பெரிய கதாநாயகனாக இருந்துகொண்டு, கரையைக் குலைக்க வருகிற ஆளாக நின்றீர்கள். உங்கள் சிரிப்பைக் குறைக்கவில்லை, அழகை மறைக்கவில்லை. ஹெலன் மயங்கினாள், நாங்களும் மயங்கினோம். அழகற்ற வில்லன் ஒருவனை அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால், ‘கெட்டவன் வந்தான், கெடுத்தான்’ என்று வீடு போயிருப்போம். எங்களுக்குப் பிடித்த முகமே கேடு செய்ததால், பிடித்த முகத்தையும் ஒரு கேள்வி கேட்கப் பழகினோம். என்ன கொண்டு வந்தாய், என்ன கொண்டு போவாய்? ரசிகர்களின் அன்பைப் பணயம் வைத்து நீங்கள் கற்றுத் தந்த இந்தக் கேள்விக்காகத்தான் இந்த நன்றி.

அந்தக் கேள்வி பிறகு எங்களுக்குத் திரும்பத் திரும்பத் தேவைப்பட்டது. எண்பதுகளிலிருந்து சிலாபம், முந்தல், புத்தளம் என்று களப்போரம் முழுக்க இறால் பண்ணைகள் வந்தன. கண்டல் காடுகளை வெட்டிக் குளம் கட்டினார்கள். சில ஆண்டுகள் காசு கொட்டியது. தொண்ணூறுகளில் வெண்புள்ளி நோய் வந்து பண்ணைகளைச் சாய்த்தது. முதல் போட்ட பலர் போய்விட்டார்கள். கைவிட்ட குளங்களும் கண்டலில்லாத கரையும் எங்களுக்கு மிஞ்சின. நுரைச்சோலையில் 2011இல் லக்விஜய அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. இன்று 900 மெகாவாட் திறனோடு நாட்டுக்கே வெளிச்சம் தருகிறது. நிலக்கரித் தூசும் சாம்பலும் பக்கத்துத் தோட்டங்களிலும் கரையிலும் விழுகின்றன என்று அங்குள்ளவர்கள் முறையிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பிறகு சுற்றுலா வந்தது. தீவுகளில் ஹோட்டல், ஆலங்குடாவில் டொல்பின் பார்க்கும் படகு, கந்தக்குழியில் கைட் சர்ஃபிங். இவற்றால் பிழைக்கிற எங்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அதை மறுக்க மாட்டேன். அதே நேரம், கரைவலை இழுக்கும் பாடு எங்கே போனது, வள்ளம் ஏற்ற வழி எங்கே போனது என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வந்தவர்கள் நன்றாகப் பேசினார்கள், நன்றாகச் சிரித்தார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு விக்டர் நினைவுக்கு வந்தான்.

நானா, இத்தோடு நிறுத்தினால் உங்களில் பாதியைத்தான் சொன்னவன் ஆவேன். திரையில் அந்நியக் கரையைக் குலைத்த நீங்கள், வாழ்க்கையில் அந்நியக் கரைக்கு எப்படிப் போக வேண்டும் என்றும் காட்டினீர்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு, தமிழருக்கு நியாயம் வேண்டும் என்று தெற்கில் வாய் திறப்பதே ஆபத்தாக இருந்தது. 1984இல் உங்கள் மனைவி சந்திரிகாவோடு சேர்ந்து இலங்கை மக்கள் கட்சியைத் தொடங்கினீர்கள். போரால் தீராது, பேசித் தீர்க்க வேண்டும் என்றீர்கள். 1986இல் யாழ்ப்பாணத்துக்கே போய் விடுதலைப் புலிகளைச் சந்தித்தீர்கள். படையோடும் பட்டாளத்தோடும் போகவில்லை. காது கொடுக்கப் போனீர்கள். 1987 இலங்கை இந்திய ஒப்பந்தத்தை ஆதரித்தீர்கள், அடுத்த ஆண்டே உயிரைக் கொடுத்தீர்கள். உங்கள் இறுதி ஊர்வலத்துக்குத் திரண்ட கூட்டத்தில் தமிழர், முஸ்லிம், சிங்களவர் எல்லாரும் அழுதார்கள்.

நீங்கள் போய் இரண்டு ஆண்டுகள் கழித்து, 1990 அக்டோபரில், வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் விரட்டினார்கள். மன்னார்க் கரையிலிருந்து வள்ளங்களில் ஏறிப் பல குடும்பங்கள் கற்பிட்டியில் வந்து இறங்கின. உடுத்த துணியோடு வந்தவர்கள். எங்கள் பள்ளிவாசல்களும் பள்ளிக்கூடங்களும் திறந்தன, தென்னந்தோட்டங்களில் ஓலைக் குடில்கள் எழும்பின. வருடங்கள் போகப் போக, தண்ணீருக்கும் வேலைக்கும் பள்ளிக்கூட இடத்துக்கும் ஊராருக்கும் வந்தவர்களுக்கும் மனக்கசப்பு வந்தது உண்மை. ‘வந்தவங்க’ என்ற சொல் கசப்போடு உருண்டது. உங்கள் கேள்வி அங்கேயும் எனக்கு வழி காட்டியது. இவர்கள் என்ன கொண்டு வந்தார்கள்? எல்லாவற்றையும் இழந்த துயரத்தை. என்ன கொண்டு போவார்கள்? ஒன்றையும் அல்ல. தங்கள் உழைப்பை இந்த மண்ணில் போட்டார்கள். வெங்காயமும் மிளகாயும் விளைவித்தார்கள், கடலுக்குப் போனார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். வந்தவர் எல்லாம் குளவி அல்லர். வந்தவரைப் பார்த்தவுடன் வெறுப்பதும் பார்த்தவுடன் மயங்குவதும் ஒரே அறியாமைதான். விக்டரையும் யாழ்ப்பாணத்துக்குப் போன விஜயவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு இது விளங்கியது.

பத்திராஜ 2018இல் போய்விட்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்து, ‘பொன்மணி’ என்று தமிழிலும் ஒரு படம் எடுத்துத் தந்தவர் அவர், அவருக்கும் நாங்கள் கடன்பட்டவர்கள். ஜோ அபேவிக்ரம 2011இலும், மாலினி 2025இலும் போய்விட்டார்கள். படம் இருக்கிறது. ஆனால் அது எடுக்கப்பட்ட கரையில் பாதிப்பேருக்கு மேல் தமிழ் பேசுகிறவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் அதைப் பார்த்ததில்லை. தமிழ் வசனவரிகளோடு ‘பம்பரு எவித்’ கற்பிட்டியிலும் புத்தளத்திலும் உடப்பிலும் சிலாபத்திலும் பள்ளிக்கூடங்களில் திரையிடப்பட வேண்டும். சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, விக்டரைப் பற்றிச் சண்டை பிடிக்க வேண்டும். ஆசிரியர்களையும் திரைப்படக் கூட்டுத்தாபனத்தையும் இந்த மடல் மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

புகழின் உச்சியில் இருந்தபோது எங்களுக்காக நாயக வேடத்தைத் துறந்ததற்கு நன்றி. எங்கள் கரையை வெறும் பாட்டுக் காட்சிக்கான பின்னணியாகப் பார்க்காமல், உழைக்கிற மனிதர்களின் ஊராகப் பார்த்த படத்துக்கு உங்கள் முகத்தைக் கொடுத்ததற்கு நன்றி. எங்கள் மொழி பேசுகிறவர்களுக்காக உங்கள் மக்களிடம் வாதாடியதற்கு நன்றி. அடுத்து யார் வந்து இறங்கினாலும், நீங்கள் கற்றுத் தந்த அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் நாங்கள் வள்ளத்தைக் கொடுப்போம். கையில் ஒன்றுமில்லாமல் வருகிறவருக்கு, கேட்காமலே கொடுப்போம்.

என்றும் நன்றியுடன்,
கற்பிட்டியிலிருந்து உங்கள் தம்பி ஒருவன்