முழங்கை வழக்கு

துடுப்பாட்ட வழக்கொன்றில் தமிழாசிரியருக்கு என்ன அலுவல் என்று ஆசிரியர் ஓய்வறை நண்பர் எம்மை வினவுவதுண்டு. அலுவல் உண்டு. வழக்கு முழுவதும் இரண்டு வினைச்சொற்களைப் பற்றியது. கல்லை எறிகிறோம், வலையை வீசுகிறோம். பந்தை வீசவேண்டும், எறிதல் ஆகாது என்பது ஆட்ட விதி. இவ்விரண்டுக்கும் எல்லை யாதெனத் தெளிய உலகத்துக்குப் பத்தாண்டு சென்றது. அதுவரை பழி சுமந்து நின்றவர் கண்டியிற் பிறந்த முத்தையா முரளிதரன்.

1995 டிசெம்பர் 26 அன்று மெல்பேண் மைதானத்தில் நடுவர் டரல் ஹெயர் அவருடைய பந்துகளை மூன்று ஓவர்களுள் ஏழு முறை 'நோபோல்' என்று தள்ளினார். நாம் அப்போது மாணவப் பருவத்தினர். அவ்வாண்டு ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்தை விட்டுப் பெயர்ந்த பெருங்கூட்டத்தோடு சென்று, தென்மராட்சியில் உறவினர் வீட்டு விறாந்தையொன்றில் ஒதுங்கியிருந்தோம். மின்சாரம் இல்லை, வானொலிக்கு மின்கலமும் கிடைத்தற்கரிது. துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி ஒருவர் மிதியைக் கையாற் சுற்ற, டைனமோவின் தயவில் வானொலி பேசும். விளையாட்டுச் செய்தி வரும்போது சுற்றுபவரின் கை ஓய்ந்துவிடுவது வழக்கம். அன்று ஓயவில்லை. "தமிழன் என்றபடியாற்றான்" என்று முதியவரொருவர் தீர்த்துவிட்டார். அத்தீர்ப்பு நடுவரின் தீர்ப்பிலும் விரைவாக வந்தது.

விதி வளைந்த கையைத் தடுப்பதன்று. கை தோள்மட்டத்தை அடைந்தபின் வளைந்த முழங்கை நிமிர்வதையே அது தடுக்கின்றது. முரளிதரனுடைய முழங்கையோ பிறவியிலேயே முற்றாக நிமிராதது. 1996 ஜனவரியில் பிறிஸ்பேனில் நடுவர் றொஸ் எமர்சன் மீண்டும் தள்ளினார். மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் படக்கருவி கொண்டு ஆராய்ந்தோர், எறிவதுபோலத் தோன்றுவது கண்மயக்கே என்றனர். அதன் பின்னரும் 1999 இல் அடிலெயிட்டில் எமர்சன் கைநீட்ட, அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க தம்மவரை எல்லைக்கோடுவரை நடத்திச் சென்றார்.

2004 இல் 'தூஸ்ரா' என்னும் பந்து அளக்கப்பட்டபோது முழங்கை 14 பாகை நிமிர்வதாகக் கண்டனர். சுழற்பந்து வீச்சாளருக்கு அன்று இடமளித்தது 5 பாகையே. ஆயின் ஏனையோரையும் அதே கருவியின்முன் நிறுத்தியபோதுதான் வேடிக்கை வெளிப்பட்டது. குற்றமற்ற கையினர் எனப் போற்றப்பட்ட வேகப்பந்து வீச்சாளரும் முழங்கையை நிமிர்த்தியே வந்திருந்தனர். வெறுங்கண்ணுக்கு அது புலப்படவில்லை, அவ்வளவே. 2005 இல் யாவர்க்கும் 15 பாகை என வகுத்தனர். ஒருவருக்காக விதியை வளைத்தனர் என்போர் இன்றும் உளர். அளவுகோல் எல்லோர்மீதும் வைக்கப்பட்டதை அவர்கள் சொல்வதில்லை. 2010 ஜூலை 22 அன்று காலியில் 800ஆவது விக்கெற்றை வீழ்த்தி அவர் ரெஸ்ற் ஆட்டத்தினின்றும் ஓய்ந்தார்.

அவ்வெண்ணையே பெயராகக் கொண்டு அவர் வரலாற்றைத் திரைப்படமாக்க முனைந்தபோது, 2020 ஒக்ரோபரில் மற்றொரு வழக்கு மூண்டது. நடிக்கவிருந்தவர் விஜய் சேதுபதி. போர் முடிந்த 2009ஆம் ஆண்டைப் பற்றி முரளிதரன் முன்னர் மகிழ்ந்து கூறிய சொல்லை எடுத்துக்காட்டித் தமிழ்நாட்டிற் பலர் எதிர்த்தனர். அப்பாவிகளின் சாவைத் தாம் ஒருபோதும் ஆதரிக்கவில்லை என்று அவர் விளக்கினார், நடிகரை விலகுமாறு தாமே வேண்டினார், நடிகரும் விலகினார். எடுக்கப்படாத படத்தை முன்கூட்டியே 'நோபோல்' என்று தள்ளியது முறையன்று என்பது எம் கருத்து. 2023 இல் வேறொரு நடிகரைக் கொண்டு அது வெளிவந்தது.

பாடசாலை மீண்டும் கூடியபோது இக்கருத்தை வகுப்பிற் கூறினோம். பாகையும் அளவும் கரும்பலகையில் வரைந்து காட்டினோம். தந்தையை 2009 இல் இழந்த மாணவனொருவன் எழுந்தான்.

"சேர், அவருடைய கையிலே எனக்கு வழக்கில்லை, சொல்லிலேதான்" என்றான்.

சொல்லைக் கற்பிப்பதே எம் தொழில். ஆயினும் கரும்பலகையிற் கிடந்த பாகைகள் அவனுக்கு உதவவில்லை. அவனை அமரச் சொல்லாது, சிறிது நேரம் நாமும் நின்றோம்.