மேசைக்கு அடியில் இருக்கும் மனிதர்

பிரெஞ்சு இன்பியல் நாடகம் சமூகத்தின் மீது செலுத்திய செல்வாக்கைப் பற்றிப் பேசும் நூல்கள் பெரும்பாலும் அதன் கருத்துகளிலிருந்தே தொடங்குகின்றன. போலிப் பக்தியையும் கருமித்தனத்தையும் பிரபுக்களின் ஆணவத்தையும் அது கண்டித்தது என்று கூறி, அந்தக் கண்டனத்தின் துணிவையே அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணமாகக் காட்டுகின்றன. ஆனால் அம்மரபின் நாடகாசிரியர் மோலியேரின் நாடகமொன்றை ஒத்திகைக்கு எடுத்துக்கொள்ளும் இயக்குநருக்கும் நடிகருக்கும் காரணம் வேறிடத்தில் புலப்படுகிறது. யாரை எங்கே நிறுத்துவது, யார் காதில் எது விழ வேண்டும், ஒருவர் எவ்வளவு நேரம் வாய் திறக்காமல் இருக்க வேண்டும் என்ற மேடை வேலைப்பாட்டுக்குள்தான் அந்த நாடகங்களின் சிந்தனை குடிகொண்டிருக்கிறது.

'தார்த்யூஃப்' நாடகத்தின் நான்காம் அங்கத்தை எடுத்துக்கொள்ளலாம். பக்திமானாக வேடமிட்டு வீட்டுக்குள் புகுந்த தார்த்யூஃபை முழுதாக நம்பும் ஓர்கோன் என்ற குடும்பத் தலைவரை, அவருடைய மனைவி எல்மீர் ஒரு மேசைக்கு அடியில் ஒளிந்திருக்கச் செய்கிறாள். அந்தப் பக்திமான் தன்னிடம் எப்படி நடந்துகொள்கிறான் என்பதைக் கணவரே காதால் கேட்கட்டும், போதும் என்று தோன்றும் கணத்தில் வெளியே வந்து தடுக்கட்டும் என்பது அவளுடைய ஏற்பாடு. தார்த்யூஃப் வருகிறான், நெருங்குகிறான்; எல்மீர் சைகையாக இருமுகிறாள், அவனோ இருமலுக்கு அதிமதுரச் சாறு தருகிறான்; அவள் மேசையைத் தட்டுகிறாள்; மேசைக்கு அடியிலிருந்து அசைவே இல்லை. இக்காட்சியில் மிகக் கடினமான வேடம் ஒரு வார்த்தைகூடப் பேசாத ஓர்கோனுடையது. 1669-இல் அதை ஏற்று நடித்தவர் மோலியேரே. மேசை விரிப்பு தரைவரை தொங்குவதால் பார்வையாளர் அவரைக் காண முடியாது, எனினும் காட்சி முழுவதும் அவரைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மனைவியின் மானம் பறிபோகும் நிலையிலும் வெளியே வராதவர், தம்மை இலகுவாக ஏய்த்துவிடலாம் என்று தார்த்யூஃப் ஏளனமாகப் பேசி அறையைவிட்டு வெளியேறிய பிறகே வருகிறார். குருட்டு நம்பிக்கைக்குள் எவ்வளவு சுயமோகம் கலந்திருக்கிறது என்பதை எந்த வசனமும் எடுத்துச் சொல்லவில்லை; வெளிப்படும் நேரம் தள்ளிப்போவதே அதைச் சொல்லிவிடுகிறது. இருமலுக்கும் தட்டலுக்கும் இடையிலுள்ள மௌனத்தை அவசரப்பட்டுக் குறைக்கும் நடிகை சிரிப்பை இழப்பதோடு நாடகத்தின் பொருளையும் இழந்துவிடுகிறாள்.

1664 மே 12 அன்று வெர்சாயில் பதினான்காம் லூயியின் விழாவில் மூன்று அங்கங்களாக முதலில் நடிக்கப்பட்ட இந்நாடகம் உடனே பொது மேடைக்கு மறுக்கப்பட்டது. 1667 ஆகஸ்டில் மாற்றப்பட்ட தலைப்புடன் ஒரே ஒரு நாள் மேடையேறி மீண்டும் தடைக்குள்ளானது. 1669 பிப்ரவரி 5 அன்றுதான் முழு அனுமதி கிடைத்தது. எதிர்ப்பு இத்தனை ஆண்டுகள் நீடித்ததில் வியப்பில்லை. வேடதாரி ஒருவனை அம்பலப்படுத்துவதோடு நில்லாமல், அவனை நம்பும் கண்ணியமான மனிதரை ஒரு மேசைக்கு அடியில் உட்கார வைத்து, அவருடைய இடத்தில் தாமும் உட்கார்ந்திருக்கக்கூடும் என்று பார்வையாளரை எண்ணச் செய்த காட்சி அது.

தத்துவ அறிஞர் ஆன்றி பெர்க்சன் 1900-இல் வெளியிட்ட 'சிரிப்பு' என்ற நூலில், உயிருள்ளதன் மேல் எந்திரத்தன்மை படிந்துவிடும்போது நகைப்பு பிறக்கிறது என்று விளக்கினார். அவர் காட்டிய சான்றுகளில் பல மோலியேரிடமிருந்தும், பத்தொன்பதாம் நூற்றாண்டு நாடகாசிரியர் லபீஷிடமிருந்தும் வந்தவை. ஊரிலிருந்து திரும்பும் ஓர்கோன், மனைவி காய்ச்சலில் துன்பப்பட்டதைப் பணிப்பெண் சொல்லச் சொல்ல, தார்த்யூஃபின் நலனையே திரும்பத் திரும்ப விசாரிக்கும் முதல் அங்கக் காட்சியும் அவற்றுள் ஒன்று. படிப்பவருக்கு இவ்விளக்கம் முற்றிலும் பொருந்துகிறது, நடிப்பவருக்குப் போதவில்லை. விசையை அழுத்தியதும் துள்ளும் பொம்மைபோல அதே தொனியில் அதே கேள்வியைக் கேட்கும் நடிகர் இரண்டாம் முறையோடு சலிப்பைத் தந்துவிடுவார். ஒவ்வொரு முறையும் புதிய கவலையோடு, உண்மையான அன்போடு கேட்பவரிடம்தான் நகைப்பு ஏறிக்கொண்டே போகிறது. எந்திரத்தைக் காண்பது அரங்கின் கண். மேடையில் இருப்பதோ முழு மனத்தோடு தவறான ஒருவரை நேசிக்கும் மனிதர்.

இந்தக் கைத்திறன் நூலறிவால் மட்டும் வந்ததன்று. 1643-இல் மதலேன் பெஜார் முதலியோருடன் மோலியேர் தொடங்கிய குழு கடனில் மூழ்கியது. 1645-இல் அவர் கடனுக்காகச் சிறை சென்றார். பின்னர் 1658 வரை மாகாணங்களில் ஊர் ஊராக நாடகம் போட்டார். பாரிசுக்குத் திரும்பியதும் கிடைத்த அரங்கை ஓர் இத்தாலியக் குழுவோடு பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. கதைச் சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு வசனத்தை மேடையிலேயே இட்டுக்கட்டி நடிக்கும் 'கொமேதியா தெல்லார்த்தே' மரபினர் அவர்கள். அவர்களிடமிருந்து உடலால் பேசும் வித்தையை மோலியேர் வேண்டிய மட்டும் எடுத்துக்கொண்டார். தம் நடிகர்களின் உடலையும் அவர் அப்படியே நாடகத்துக்குள் கொண்டுவந்தார். 1668-இல் எழுதிய 'கருமி'யில் முதியவர் அர்பகோனுக்கு இருமல் உண்டு, ஏனெனில் அந்த வேடமேற்ற மோலியேருக்கே மார்புநோய் இருந்தது. நொண்டும் வேலைக்காரனைப் பற்றி ஒரு வசனம் உண்டு, ஏனெனில் அக்குழுவின் லூயி பெஜார் காலை இழுத்து நடப்பவர். 1673 பிப்ரவரி 17 அன்று, தம்மை நோயாளியாகக் கற்பனை செய்துகொள்பவரின் வேடத்தை நான்காம் முறையாக நடித்த அன்றிரவே மோலியேர் இறந்தார். ஏழு ஆண்டுகளுக்குப் பின் அரசாணையால் அமைந்த கொமெதி பிரான்செஸ் நாடக நிறுவனம் இன்றும் அவருடைய நாடகங்களை மேடையேற்றி வருகிறது.

இலக்கியத்துக்குள் இந்த வேலைப்பாடு நுழைந்த வழியை ஆங்கில எழுத்தாளர் ஹென்றி ஃபீல்டிங்கிடம் தெளிவாகக் காணலாம். 1730-களில் லண்டன் மேடைக்காக மோலியேரின் இரண்டு நாடகங்களை, அவற்றுள் 'கருமி'யை 1733-இல், தழுவி எழுதிய அவர், 1749-இல் 'டாம் ஜோன்ஸ்' நாவலை வெளியிட்டார். அதில் ஏழைப் பெண்ணொருத்தியின் பரண் அறையில் தொங்கும் விரிப்பு சட்டென அவிழ்ந்து விழ, ஒழுக்கத்தைப் போதிக்கும் தத்துவவாதி ஒருவர் அலங்கோலமாக ஒளிந்திருப்பது தெரிகிறது. மேசை விரிப்பின் சூட்சுமம் அறிந்த கைதான் அதை எழுதியிருக்கும்.

மோலியேருக்குப் பின் அந்த வேலைப்பாட்டை அரசியலாக மாற்றியவர் நாடகாசிரியர் போமார்ஷே. 'செவியாவின் நாவிதர்' 1775 பிப்ரவரி 23 அன்று ஐந்து அங்கங்களோடு தோல்வியுற்றபோது, ஓர் அங்கத்தையே குறைத்து மூன்றே நாட்களில் அதை வெற்றி நாடகமாக்கிய திறமை அவருடையது. பதினாறாம் லூயி தடுத்துவைத்து 1784 ஏப்ரல் 27 அன்று அரங்கேறிய 'ஃபிகாரோவின் திருமணம்' நாடகத்தில், மேசைக்குப் பதில் ஒரு சாய்வு நாற்காலி வருகிறது. பணிப்பெண் சூசானிடம் தனிமையில் பேச வந்த பிரபு, வேறொருவர் வரும் ஓசை கேட்டு நாற்காலிக்குப் பின்னால் ஒளிய, அங்கே ஏற்கெனவே ஒளிந்திருந்த இளைஞன் ஷெருபின் சுற்றி வந்து நாற்காலியின் மேலேயே சுருண்டுகொள்ள, சூசான் அவன் மேல் ஓர் உடையைப் போட்டு மூடுகிறாள். பிறகு வெளிப்படும் பிரபு, முந்தைய நாள் வேறொரு வீட்டில் திரையை விலக்கி அதே இளைஞனைக் கண்டுபிடித்த விதத்தை நடித்துக் காட்டுகையில் அந்த உடையைத் தூக்கிவிடுகிறார். ஆணையிடும் பிரபு வேலைக்காரியின் நாற்காலிக்குப் பின்னால் பதுங்குவதைப் பாரிசு மக்கள் கூடிக் கண்டார்கள். ஃபிகாரோவின் புகழ்பெற்ற தனிமொழியைவிட இந்தப் பதுங்கலே ஆழமாகப் பதிந்திருக்க வேண்டும். நாடகாசிரியர்களுக்கு வருவாயில் உரிய பங்கு கிடைக்க 1777-இல் சங்கம் அமைத்தவரும் போமார்ஷேதான். ஆசிரியரின் வாழ்நாளுக்கும் அதன்பின் ஐந்து ஆண்டுகளுக்கும் உரிமை தந்த 1791-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் போராட்டத்தின் விளைவு.

பின்னர் நாடகாசிரியர் ஃபெய்தோவின் காலத்தில் ஒளியுமிடங்கள் கதவுகளாகப் பெருகின. 1907-இல் வெளியான 'காதில் ஒரு தெள்ளுப்பூச்சி' நாடகத்தில் கனவான் ஒருவரையும், அச்சில் வார்த்ததுபோல அவரையே ஒத்த விடுதி வேலைக்காரனையும் ஒரே நடிகர் நடிக்கிறார். ஒரு கதவால் எஜமானராக வெளியேறி, காத்திருக்கும் உடையலங்காரரிடம் மேலங்கியைக் கொடுத்துவிட்டு, மறு கதவால் வேலையாளாக அவர் நுழைய வேண்டும். உடை ஒன்று மாறியதும் உதை வாங்குபவராகிவிடும் அந்த உடலில், வர்க்க வேறுபாடு எவ்வளவு மெல்லியது என்பது வெட்டவெளிச்சமாகிறது.

திரையிலும் இந்த வேலைப்பாடு தொடர்ந்தது. இயக்குநர் ஜான் ரெனுவார் 1939-இல் எடுத்த 'ஆட்டத்தின் விதி' திரைப்படம் 'ஃபிகாரோவின் திருமணம்' நாடக வரிகளை முகப்பில் தாங்கித் தொடங்குகிறது. எஜமானர்களும் வேலையாட்களும் ஒரு மாளிகையின் கூடங்களில் ஒருவரையொருவர் துரத்தித் திரிய, ஆழ்ந்த காட்சிச் சட்டகத்துக்குள் பல கதவுகளையும் ஒருசேரக் காட்டுகிறது அவருடைய படக்கருவி. அதே ஆண்டு அக்டோபரில், மக்களின் மனவுறுதியைக் குலைக்கும் படமென்று பிரெஞ்சு அரசு அதைத் தடை செய்தது.