பயிற்சிச் செலவு

பி.காம். படித்ததில் எனக்கு மிஞ்சியது ஒரு வியாதிதான். எதைப் படித்தாலும், ‘இது எந்தக் கணக்குத் தலைப்பில் வரும்?’ என்று மனசு தேட ஆரம்பித்துவிடும். இரண்டாம் உலகப் போரில் பறந்த ஒரு குண்டுவீச்சு விமானத்தின் கதையைப் படித்தபோதும் அப்படித்தான்.

பிரிட்டிஷ் விமானப் படையின் வெலிங்டன் ரக விமானம் அது. 1939 டிசம்பர் 18-ம் தேதி, ஜெர்மன் போர்க்கப்பல்களைத் தேடிப் போன 22 வெலிங்டன்களில் 12 அழிந்துபோயின. இது தப்பித்தது. கெட்டி ஆயுசு! பிறகு, பயிற்சி கொடுப்பதற்காக ஸ்காட்லாந்துக்கு அனுப்பினார்கள்.

1940 டிசம்பர் 31. ஊரே புது வருஷத்துக்குக் காத்திருந்த நாள். பயிற்சிக்காகப் பறந்துகொண்டிருந்தபோது, பனி கொட்டும் மலைகளுக்கு மேலே ஓர் இன்ஜின் மக்கர் பண்ணிவிட்டது. மற்றவர்களைக் குதிக்கச் சொன்னார் விமானி. கீழே மேக இடைவெளியில் நீளமாக ஓர் ஏரி தெரிந்தது. நெஸ் ஏரி. அவரும் துணை விமானியும் விமானத்தைத் தண்ணீரிலேயே இறக்கி, ரப்பர் படகில் கரை சேர்ந்துவிட்டார்கள். விமானம் மூழ்கிப்போனது.

குதித்தவர்களில் ஒருவருக்கு மட்டும் பாராசூட் கைகொடுக்கவில்லை. விமானத்தின் வாலில் உட்கார்ந்து எதிரியைச் சுட வேண்டிய துப்பாக்கி வீரர். எதிரியே இல்லாத வானத்தில் செத்துப்போனார்.

1976-ல், அதே ஏரியில் பூதம் இருக்கிறதா என்று தேடிய அமெரிக்கர்களின் சோனார் கருவியில் விமானம் சிக்கியது. 1985-ல் வெளியே தூக்கினார்கள். பேட்டரியை இணைத்துப் பார்த்தால், வால் விளக்கு எரிந்ததாம்! 45 வருஷத்துக்கு அப்புறம்! இப்போது ப்ரூக்லேண்ட்ஸ் மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறது. அந்த விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்தான் இல்லை.

அந்தப் போரில் பிரிட்டனின் குண்டுவீச்சுப் படை இழந்தவர்கள் 55,573 பேர். அவர்களில் 5 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பயிற்சியிலேயே போனவர்கள். என் கணக்குப் புத்தி உடனே சொன்னது: ‘பயிற்சிச் செலவு.’ சொன்ன மாத்திரத்தில் வெட்கமாகிவிட்டது.

சின்ன வயதில் எங்கள் தெருவில் ஓர் அம்மா இருந்தார். மகன் பட்டாளத்தில் சேர்ந்து, பயிற்சிக் காலத்திலேயே விபத்தில் இறந்துவிட்டான். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் “எந்தச் சண்டையிலம்மா?” என்றே கேட்டார்கள். “சண்டை இல்லப்பா... ட்ரெயினிங்ல” என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிடும், ஏதோ மகன் பரீட்சையில் தோற்றுப்போனதைச் சொல்கிற மாதிரி. விவரம் தெரியாத வயதில் நானும் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன்.

இப்போது அந்த அம்மா இல்லை. இருந்திருந்தால் போய்ச் சொல்லியிருப்பேன்: “குரலை இறக்காதீங்கம்மா. சண்டைக்குப் போறவனுக்கு முதல் சண்டையே அங்கேதான் ஆரம்பிக்குது.”