ஏழு கிழமையும் ஒரு வாயும்

புற்றுநோய் என்றதும் எங்கள் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது மொட்டைத்தலைதான். படங்கள் அப்படிப் பழக்கிவிட்டன. எங்கள் பெரியப்பாவுக்குத் தலைமுடி அப்படியே இருந்தது. போனது எச்சில். பிறகு ருசி. பிறகு கதை.

இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். புகையிலை கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது வெற்றிலைத் தட்டத்தைச் சுற்றி இருப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இதை நாங்களும் ஆஸ்பத்திரி வாங்கில் இருந்துதான் படித்தோம்.

பெரியப்பாவுக்கு 35 நாள் கதிர்வீச்சு. கிழமைக்கு 5 நாள், மொத்தம் 7 கிழமை. பெரியம்மாவும் பெறாமக்கள் நாங்கள் மூன்று பேரும் முறை வைத்துக் கூடப் போனோம்.

தொடங்க முதல் பல் டொக்டரிடம் அனுப்பினார்கள். "கான்சருக்கு வந்தவனுக்கு ஏன் பல்லைப் பிடுங்குறாங்கள்?" என்று பெரியப்பா கோவிச்சார். காரணம் இருக்கிறது. கதிர் பட்ட தாடை எலும்புக்கு இரத்த ஓட்டம் குறையும். அதற்குப் பிறகு பல் பிடுங்கினால் காயம் ஆறாமல் எலும்பே பழுதாகலாம். அதனால் பழுதான பல்லை முதலே எடுத்து, காயம் ஆறவிட்டுத் தொடங்குவார்கள்.

முதல் இரண்டு கிழமையும் பெரிசாக ஒன்றுமில்லை. மூன்றாம் கிழமை வாய் வெந்ததுபோல் சிவந்து புண்ணானது. கதிர் புற்றுக்கலங்களோடு வாயின் உள்தோலையும் தாக்கும். உமிழ்நீர்ச் சுரப்பிகளும் அடிபட, மிஞ்சிய எச்சில் பசை மாதிரித் தடித்தது.

நாலாம் கிழமை பெரியப்பா கொப்பித் தாளில் எழுதிக் காட்டினார்: "காணும். இனி நான் வரேல்லை."

இடையில் விட்டால் மிஞ்சிய புற்றுக்கலங்கள் திரும்பப் பெருக இடம் கிடைக்கும். தவறுகிற நாட்கள் சிகிச்சையின் பலனைக் குறைக்கும். மிச்ச நாட்களைக் காப்பாற்ற வேண்டுமென்றால் வாயைக் காப்பாற்ற வேணும் எண்டது அப்பதான் எங்களுக்கு உறைத்தது.

அந்தத் தாளையே டொக்டரிடம் காட்டினோம். நோவுக்கான மருந்தைக் கூட்டித் தந்தார். சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முதல் அது. ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும், படுக்க முதலும் கொப்பளித்துத் துப்ப வேண்டும். மிக மெல்லிய பிரஷ். அற்ககோல் கலந்த மவுத்வொஷ் வேண்டாம், அது எரிக்கும், வாயை இன்னும் காயவைக்கும். நாக்கில் வெள்ளை படர்ந்த நாள் உடனே காட்டினோம். பங்கசுத் தொற்று, அதற்கும் மருந்து இருந்தது.

குசினியில் மிளகாயும் தேசிக்காயும் புளியும் ஒதுங்கின. தூள் போடாத பால்சொதியில் ஊறிய இடியப்பம், மசித்த பருப்பு, குழைந்த கஞ்சி, முட்டை. எல்லாம் சூடு ஆறவிட்டு, நாளைக்கு ஆறு தரம், கொஞ்சம் கொஞ்சமாக.

சொந்தக்காரரைச் சமாளிக்கிறதுதான் பெரிய கஷ்டம். "வடிவாச் சாப்பிடுங்கோ, அப்பதான் சுகம் வரும்" என்று பார்சலோடு வருவார்கள். அன்புதான். ஆனால் ருசியில்லாத, விழுங்க நோகிற வாய்க்கு அது பரீட்சை. பெரியம்மா "சாப்பிடுங்கோ" என்பதை விட்டு "இண்டைக்கு எது இறங்கும்?" என்று கேட்கத் தொடங்கினா. அதற்கு மட்டும் பெரியப்பா பதில் எழுதினார். 35 நாளும் போனார்.

கதிர் முடிந்தவுடன் வாய் ஆறிவிடாது. அடுத்த இரண்டு கிழமையும் நோ குறையவில்லை. எச்சில் இன்றைக்கும் முழுசாகத் திரும்பவில்லை, தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் வெளிக்கிடமாட்டார். தாடை இறுகாமல் இருக்க ஒவ்வொரு நாளும் வாய் திறக்கும் பயிற்சி செய்கிறார். இனி எந்தப் பல் டொக்டரிடம் போனாலும் கதிர் பட்ட கதையை முதலில் சொல்ல வேண்டும்.

இதை வாசிக்கிற உங்கள் வீட்டிலும் ஒரு வெற்றிலைத் தட்டம் இருக்கலாம். இரண்டு மூன்று கிழமையாகியும் ஆறாத வாய்ப்புண்ணோ வெள்ளை, சிவப்புத் தழும்போ கண்டால் காட்டச் சொல்லுங்கோ. ஏற்கெனவே சிகிச்சையில் யாரும் இருந்தால், பக்கத்தில் ஒரு கொப்பியும் பேனையும் வையுங்கோ. கதைக்க ஏலாதவருக்கும் சொல்ல நிறைய இருக்கும்.