கடல் கடந்த மடல்: நியூசிலாந்துக்குப் புறப்படுமுன்

நியூசிலாந்து ஆஸ்திரேலியாவுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும் தீவு நாடு. வடதீவு, தென்தீவு என இரண்டு பெருந்தீவுகள். நடுவில் குக் நீரிணை. பரப்பில் தமிழ்நாட்டைப் போல் இரண்டு மடங்கு. மக்கள்தொகையோ 53 லட்சத்தை ஒட்டித்தான். அதில் மூன்றில் ஒரு பங்கினர் ஆக்லாந்திலேயே வாழ்கிறார்கள். தலைநகர் 1865 முதல் வெலிங்டன். பூர்வகுடிகளான மாவோரிகளின் தலைவர்களும் பிரிட்டிஷ் அரசும் 1840 பிப்ரவரி 6 அன்று வைத்தாங்கியில் செய்துகொண்ட உடன்படிக்கையே இந்நாட்டின் அடித்தள ஆவணம். அந்த நாள் தேசிய விடுமுறை. 1893இலேயே பெண்களுக்கு வாக்குரிமை தந்த நாடு இது.

தமிழுக்கும் இங்கே ஒரு பழைய தடயம் உண்டு. வெலிங்டனின் தே பாப்பா அருங்காட்சியகத்தில் தமிழ் எழுத்துப் பொறித்த உடைந்த கப்பல் மணி ஒன்று இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் அதை முதலில் பார்த்தபோது, மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். அது எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்பது இன்னும் தெளியவில்லை.

பருவங்கள் நம்மூருக்குத் தலைகீழ்: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர். கடிகாரம் இந்தியாவைவிட ஆறரை மணி நேரம் முந்தி ஓடும். செப்டம்பர் கடைசி ஞாயிறு முதல் ஏப்ரல் முதல் ஞாயிறு வரை ஏழரை மணி நேரம். வண்டிகள் இடப்பக்கம் ஓடுகின்றன. மின்சாரம் 230 வோல்ட்டுதான் என்றாலும் பிளக்கின் முனைகள் தட்டையாகச் சாய்ந்திருக்கும். நம் உருண்டை முனை பிளக்குக்கு அடாப்டர் தேவை. அவசர உதவிக்கு 111.

நுழைவு அனுமதி, கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மலேசியா, சிங்கப்பூர் உட்பட சுமார் 60 நாட்டினருக்கு விசா வேண்டாம். என்இசட்இடிஏ என்னும் மின்னணுப் பயண அனுமதி போதும். இந்திய, இலங்கைக் குடிமக்கள் புறப்படுமுன்னரே பார்வையாளர் விசா வாங்கியிருக்க வேண்டும். விண்ணப்பம் இணையவழி. பாஸ்போர்ட், திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும். தங்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் 1,000 நியூசிலாந்து டாலர், தங்குமிடத்துக்கு முன்பே பணம் கட்டியிருந்தால் 400 டாலர், கையிருப்பாகக் காட்ட வேண்டும். 2024 அக்டோபர் முதல் 100 டாலர் சுற்றுலாப் பயணி வரியும் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் தங்க நினைக்கும் இந்தியர் மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோருக்கு 2025 செப்டம்பரில் ஐந்தாண்டு விசா ஒன்று தொடங்கப்பட்டது. அதற்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

விசா கிடைத்தபின் மிஞ்சுவது பயணியர் உறுதிமொழிப் படிவம். விமானத்தில் வருவோர் பயணம் தொடங்குவதற்கு 24 மணி நேரம் முன்பிருந்து அதை இணையத்தில் நிரப்பலாம், கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் தளங்கள் இடைத்தரகர்களுடையவை. 10,000 டாலர் அல்லது அதற்கு மேல் ரொக்கம் இருந்தால் அறிவிக்க வேண்டும். மருந்துகளை அவற்றின் அசல் உறையிலேயே, மருத்துவர் சீட்டுடன் கொண்டுவருவது நல்லது.

இந்நாட்டின் வாசலில் ஆளைவிடப் பெட்டிக்குத்தான் சோதனை கடுமை. அதற்குக் காரணம் இருக்கிறது. மனிதர் வருமுன் இங்கே வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி கிடையாது. பறக்காத கிவி போன்ற பறவைகள் பாலூட்டி எதிரியே இல்லாமல் வளர்ந்தன. பின்னர் வந்த எலியும் மரநாய் இனமும் அவற்றைச் சூறையாடின. இன்று நாட்டின் முதன்மை ஏற்றுமதி பால்பொருள். கோமாரி நோய் இங்கே ஒருமுறைகூட வந்ததில்லை. 2010இல் தே புக்கே பகுதியில் கிவிப்பழக் கொடிகளைத் தாக்கிய பாக்டீரியா நோய் தோட்டக்காரர்களுக்குப் பெருநட்டம் வைத்தது. 2015இல் ஆக்லாந்தின் கிரே லின் பகுதியில் குவீன்ஸ்லாந்து பழ ஈ அகப்பட்டபோது, அந்த வட்டாரத்தைவிட்டு வீட்டுத் தோட்டத்துப் பழத்தைக்கூட வெளியே எடுத்துப் போக மாதக்கணக்கில் தடை இருந்தது.

இத்தகைய ஆபத்துகளைத் தடுக்கவே 1993ஆம் ஆண்டு உயிரியல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உணவு, தாவரம், விலங்கு சார்ந்த எதுவானாலும் படிவத்தில் அறிவிக்க வேண்டும். அறிவித்த பொருளை அதிகாரி பார்த்து அனுமதிப்பார், அல்லது எடுத்துக்கொள்வார், அபராதம் இல்லை. அறிவிக்காமல் அகப்பட்டால் அங்கேயே 400 டாலர். விமானத்தில் கொடுத்த ஆப்பிளைக் கைப்பையில் மறந்தவருக்கும் அதே தொகைதான். வேண்டுமென்றே மறைத்தால் சிறைவரை போகும். பைகளை மோப்ப நாய் முகர்ந்து பார்க்கும், எக்ஸ்ரேயும் உண்டு.

தமிழர் பெட்டியில் அறிவிக்க வேண்டியவை நிறைய. ஊறுகாய், கருவாடு, பருப்புப் பொடி, பால்கோவா எல்லாம் உணவு. பச்சைக் கறிவேப்பிலையையும் தேனையும் கொண்டுவராமல் இருப்பதே மேல். பூஜைப் பையும் விலக்கல்ல: ருத்திராட்சம் ஒரு விதை, தர்ப்பை ஒரு புல், சாணத்தில் சுட்ட திருநீறு விலங்குப் பொருள். மிருதங்கத்துக்குத் தோல் இருக்கிறது. செருப்பின் அடியில் ஒட்டிய மண்ணையும் அதிகாரி கேட்பார். கழுவித் துடைத்து எடுத்துவைத்தால் வேலை மிச்சம்.

விபத்தில் காயம்பட்டால் சிகிச்சைச் செலவை ஏசிசி என்னும் அரசுத் திட்டம் ஏற்கும். 1974 முதல் நடப்பில் உள்ள இது சுற்றுலாப் பயணிக்கும் பொருந்தும். யார் மீது தவறு என்று பார்ப்பதில்லை. ஆனால் காய்ச்சல், மாரடைப்பு போன்ற நோய்கள் இதில் சேரா. ஆகவே பயணக் காப்பீட்டைத் தவிர்ப்பது புத்திசாலித்தனமல்ல.

பார்வையாளர் விசாவில் வந்து உள்ளூர் முதலாளியிடம் வேலை செய்ய முடியாது. வேலைக்கு வருவோர் பெரும்பாலும் அரசு அங்கீகாரம் பெற்ற நிறுவனம் ஒன்றின் வேலை உறுதியோடு, அதற்குரிய விசாவில் வருகிறார்கள். வேலை தருவதற்காகத் தொழிலாளியிடம் பணம் வாங்குவது சட்டவிரோதம். குடிவரவு ஆலோசனை சொல்பவர், வழக்கறிஞர் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, வெளிநாட்டில் இருந்தாலும் உரிமம் பெற்றிருக்க வேண்டும்; உரிமம் உண்டா என்பதைப் பொதுப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம். ஊர் ஏஜென்டிடம் முன்பணம் கொடுக்குமுன் செய்ய வேண்டிய வேலை இது.

நிரந்தரமாகக் குடியேற, திறன்சார் பிரிவே பலரும் போகும் வழி. 2023 அக்டோபரில் வந்த முறைப்படி ஆறு புள்ளிகள் தேவை. வயது 55க்கு மேல் போகக் கூடாது. ஆங்கிலத் தேர்ச்சியும் உடல்நலமும் நன்னடத்தையும் பார்க்கப்படும். முனைவர் பட்டத்துக்கு ஆறு, முதுகலைக்கு ஐந்து, இளங்கலைக்கு மூன்று. குறையும் புள்ளிகளை இந்நாட்டில் செய்யும் திறன் வேலையால், ஆண்டுக்கு ஒன்றாக, மூன்றுவரை ஈடுகட்டலாம். மருத்துவர், பொறியாளர் போன்ற பற்றாக்குறைத் தொழில்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு.

வசிப்புரிமை பெற்றவர், தொடர்ந்து 12 மாதம் இங்கே வாழ்ந்திருந்தால், குடிமகனாகாமலே வாக்களிக்கலாம். குடியுரிமைக்கு ஐந்தாண்டு தேவை. அதில் மொத்தம் 1,350 நாளும், ஒவ்வோர் ஆண்டும் 240 நாளும் நாட்டில் இருந்திருக்க வேண்டும். நியூசிலாந்து இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது, இந்தியா ஏற்பதில்லை. எனவே இந்தியர் தம் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும்; பிறகு வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். இலங்கையர் தம் அரசிடம் இரட்டைக் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம்.